அரை அலை ஆன்டெனாவின் மின்புலத்தை அசைபடமாக வரைவது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

வேலூர் பக்கம் இசிஇ படிக்கும் பிள்ளைகளிடம் ஆன்டெனா பாடம் எப்படிப் போகிறது என்று கேட்டால், "டோனட் படம் போட்டா மார்க் வந்துடும் சார்" என்பார்கள். மார்க் வரும், மறுக்கவில்லை. ஆனால் அந்த டோனட் (நடுவில் ஓட்டை உள்ள வடை வடிவம்), ஆன்டெனாவிலிருந்து வெகுதூரம் போன பிறகு எந்தத் திசையில் எவ்வளவு சக்தி போகிறது என்பதை மட்டும் சொல்கிறது. கம்பியை ஒட்டி என்ன நடக்கிறது என்பதற்கு அதில் ஒரு துப்பும் கிடையாது. காட்பாடியில் மாலை வகுப்பில் மின்புலக் கோடுகளின் படத்தைப் பார்த்து ஒரு மாணவி கேட்ட கேள்வி இது: "மொதல்ல கோடு கம்பியில ஒட்டிக்கினு கீது. அப்புறம் பார்த்தா தனியா வளையமா போவுது. நடுவுல இன்னா சார் ஆவுது?"

புத்தகத்தில் அச்சடித்த நான்கு படங்களை வைத்துக்கொண்டு இதற்குப் பதில் சொல்வது கஷ்டம். ஓடும் படமாகப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் புரியும். அந்தப் படத்தைச் செய்யப் பெரிய சிமுலேட்டர் வேண்டும் என்று பலர் நம்புகிறார்கள். ப்ராஜெக்ட் ரிவ்யூ நெருங்கினால் கிராக் செய்த மென்பொருள் பென் டிரைவில் கைமாறுவதும் அதனால்தான். அரை அலை டைபோலுக்கு, அதாவது அலைநீளத்தில் பாதி நீளமுள்ள, நடுவில் ஊட்டும் நேர்க்கம்பி ஆன்டெனாவுக்கு, அது எதுவும் தேவையில்லை. கம்பியின் இரண்டு முனைகளிலிருந்து இரண்டு தூரம், அவற்றின் மேல் இரண்டு சைன். கணக்கு அவ்வளவுதான்.

எதை வரையப் போகிறோம்

ஆன்டெனா புலத்தைக் காட்ட மூன்று வகைப் படங்கள் உண்டு. கதிர்வீச்சு வரைபடம் ஒன்று. டோனட் அந்த வகை. புலத்தின் வலிமையை நிறத்தால் காட்டுவது இரண்டாவது. புலத்தின் திசையைப் பின்பற்றிப் போகும் புலக்கோடுகள் மூன்றாவது. கம்பியிலிருந்து அலை எப்படிக் கழன்று போகிறது என்று பார்க்கப் புலக்கோடுதான் சரி. 1889-இல் ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் தன் கட்டுரையில் அடுத்தடுத்த கணங்களுக்குக் கையால் வரைந்து காட்டியதும் இந்தக் கோடுகளைத்தான். அவர் எடுத்துக்கொண்டது மிகச் சிறிய டைபோல். நாம் எடுத்துக்கொள்வது, நடைமுறையில் எல்லோரும் கட்டும் அரை அலை டைபோல். இதில் கணக்கு இன்னும் சுலபம்.

ஓர் உதாரணம் மனத்தில் இருக்கட்டும். எஃப்எம் வரிசையில் 100 மெகாஹெர்ட்ஸ் எடுத்தால் அலைநீளம் 3 மீட்டர், கம்பி 1.5 மீட்டர். நிஜத்தில் கட்டும்போது ஏறக்குறைய ஐந்து சதவீதம் குறைத்து வெட்டுவார்கள். படத்துக்கு அந்தத் திருத்தம் வேண்டாம்.

கருவிகள்

பைதான் நிரல்மொழி, அதில் கணக்குப் போட நம்பை, படம் வரைய மேட்பிளாட்லிப். இவை மூன்றும் இலவசம். லேப்டாப் இல்லாதவர்கள் மொபைல் பிரவுசரில் கூகுள் கோலாப் திறந்தால் இவை ஏற்கெனவே ஏற்றப்பட்டே இருக்கும். எம்பி4 கோப்பாகச் சேமிக்க எஃப்எஃப்எம்பெக் வேண்டும்; ஜிஃப் போதும் என்றால் பில்லோ போதும். சித்திரை வெயிலில் நம்ம ஊரில் லேப்டாப் விசிறி சும்மா இருக்கும்போதே கத்தும். கவலை வேண்டாம், இந்தக் கணக்கு அதை இன்னும் சூடாக்கும் அளவுக்குப் பெரியதில்லை.

முதல் படி: புள்ளிவலை போடுதல்

எல்லாத் தூரங்களையும் அலைநீளத்தில் அளந்துகொள்ளுங்கள். அதாவது அலைநீளம் 1. அப்போது எஃப்எம்முக்கும் வைஃபைக்கும் ஒரே படம்தான், பிறகு அளவுகோலை மட்டும் மாற்றிச் சொன்னால் போதும். கம்பியைச் செங்குத்தாக நடுவில் நிறுத்துங்கள்: மேல்முனை உயரம் 0.25, கீழ்முனை −0.25.

கிடைமட்டத்திலும் செங்குத்திலும் −2 முதல் +2 வரை, ஒவ்வொன்றிலும் 400 புள்ளிகள். 401 என்று போடத்தான் கை போகும். இரட்டைப்படை எண்ணாகவே வையுங்கள். அப்போது எந்தப் புள்ளியும் சரியாகக் கம்பியின் அச்சில் விழாது, பின்னால் காந்தப்புலத்துக்காக அச்சிலிருந்து உள்ள தூரத்தால் வகுக்கும்போது பூஜ்ஜியத்தால் வகுக்கும் தொல்லை வராது. மொத்தம் 1,60,000 புள்ளிகள்; பழைய லேப்டாப்பும் கண் மூடித் திறப்பதற்குள் முடித்துவிடும்.

ஒவ்வொரு புள்ளிக்கும் இரண்டு தூரங்களைக் கணக்கிடுங்கள். பித்தாகரஸ்தான், வேறொன்றுமில்லை:

மேல்தூரம் = வர்க்கமூலம்(கிடை² + (உயரம் − 0.25)²)
கீழ்தூரம் = வர்க்கமூலம்(கிடை² + (உயரம் + 0.25)²)

பைதான் 3-இல் மாறிகளின் பெயரைத் தமிழிலேயே வைக்கலாம். மேலே உள்ள பெயர்களை அப்படியே தட்டச்சு செய்தாலும் ஓடும்.

இரண்டாம் படி: புலக்கோட்டுக்கான எண்

இந்த இடத்தில் அவசரப்பட வேண்டாம். வழிகாட்டியின் உயிர்நாடியே இதுதான்.

வழக்கமாகப் பிள்ளைகள் செய்வது, மின்புலத்தின் இரண்டு கூறுகளையும் தனித்தனியே கணக்கிட்டு, அவற்றிலிருந்து கோடுகளை வரையும் ஸ்ட்ரீம்பிளாட் கட்டளையில் போடுவது. அதில் கோடுகள் எங்கே தொடங்க வேண்டும் என்பதை நிரல் தன் இஷ்டத்துக்குத் தீர்மானிக்கும். ஃபிரேமுக்கு ஃபிரேம் கோடுகள் இடம் மாறித் துள்ளும். அசைபடத்துக்கு அது உதவாது.

நம் கம்பிக்கு ஒரு வசதி உண்டு. அச்சைச் சுற்றி எந்தப் பக்கம் திரும்பினாலும் புலம் ஒன்றுதான். அதனால் இப்படி யோசிக்கலாம். கம்பியை நடுவில் விட்டு ஒரு வட்ட வளையம் பிடிக்கிறோம். அந்த வளையத்தின் ஊடாக எவ்வளவு மின்பாயம் (ஃப்ளக்ஸ்), அதாவது மொத்தம் எவ்வளவு மின்புலம், போகிறது என்று ஒரு கணத்தில் அளக்கிறோம். வளையத்துக்குள் கம்பி வந்தால், கம்பி வழியே ஓடிப்போன மின்னூட்டத்தையும் சேர்த்துக்கொள்கிறோம். இப்போது வளையத்தை விரித்தோ சுருக்கியோ, ஏற்றியோ இறக்கியோ நகர்த்துகிறோம், ஆனால் அந்த எண் மட்டும் மாறக் கூடாது. வளையத்தின் விளிம்பு போகும் பாதைதான் புலக்கோடு. ஏனென்றால் எண் மாறவில்லை என்றால், அந்தப் பாதையைக் குறுக்காக எந்தப் பாயமும் வெட்டவில்லை என்று பொருள்.

ஆகவே ஒவ்வொரு புள்ளிக்கும் இந்த ஓர் எண் தெரிந்தால் போதும். புவியியல் வரைபடத்தில் சம உயரக் கோடு போடுவது மாதிரி, சம எண் உள்ள புள்ளிகளைக் கான்டூர் கட்டளை தானே இணைத்துவிடும். இதைக் கோட்டெண் என்று வைத்துக்கொள்வோம்.

கோட்டெண் எவ்வளவு? ஆம்பியர் மேக்ஸ்வெல் விதிப்படி, வளையத்தின் சுற்றளவை அங்குள்ள காந்தப்புலத்தால் பெருக்கினால், அந்த எண் மாறும் வேகம் கிடைக்கும். மெல்லிய கம்பியில் மின்னோட்டம் சைன் வடிவில் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டால், அந்தக் காந்தப்புலத்துக்கு ஒரு மூடிய சூத்திரம் உண்டு. அதில் மூன்று உறுப்புகள்: மேல்முனையிலிருந்து ஓர் அலை, கீழ்முனையிலிருந்து ஓர் அலை, நடுவிலிருந்து ஓர் அலை. கம்பி சரியாக அரை அலைநீளம் இருக்கும்போது நடு உறுப்பு பூஜ்ஜியமாகிவிடுகிறது. மிச்சம்:

கோட்டெண் = சைன்(2பை × மேல்தூரம் − கட்டம்) + சைன்(2பை × கீழ்தூரம் − கட்டம்)

கட்டம் (ஃபேஸ்) என்பது ஒரு சுற்றில் 0 முதல் 360 டிகிரி வரை போகும் கோணம். நம்பைக்கு ரேடியனில் கொடுக்க வேண்டும், மறக்க வேண்டாம். கழித்தல் குறியைக் கூட்டலாக்கினால் வளையங்கள் வெளியே போகாமல் கம்பியை நோக்கிச் சுருங்கி வரும்.

இது தோராயமான சூத்திரம் இல்லை. எடுத்துக்கொண்ட மின்னோட்டத்துக்கு, கம்பியை ஒட்டிய இடம் முதல் கடைசி வரை துல்லியமானது. தோராயம் இருப்பது மின்னோட்டத்தில்தான். நிஜக் கம்பிக்குத் தடிமன் உண்டு, நடுவில் ஊட்டும் இடைவெளி உண்டு. படம் பார்த்துப் புரிந்துகொள்ள அவை தடையில்லை.

மூன்றாம் படி: ஒரே ஒரு நிலைப்படம்

நேரே அசைபடத்துக்குப் போக வேண்டாம். கட்டம் 0 வைத்து ஒரு படம் போடுங்கள். கோட்டெண் −2-க்கும் +2-க்கும் இடையில்தான் இருக்கும். கான்டூர் மட்டங்கள்: −1.8, −1.4, −1.0, −0.6, −0.2, பிறகு 0.2, 0.6, 1.0, 1.4, 1.8. மட்டங்களை ஏறுவரிசையில்தான் கொடுக்க வேண்டும். பூஜ்ஜிய மட்டத்தை விட்டுவிடுங்கள். அதைச் சேர்த்தால் அச்சின் மேல் ஒரு தேவையில்லாத கோடு வரும்.

ஒற்றை நிறம் கொடுத்தால் மேட்பிளாட்லிப் எதிர்மறை மட்டங்களைத் தானாகப் புள்ளிக்கோடாகப் போடும். பலர் அதை மாற்றிவிடுகிறார்கள். எனக்கென்னவோ அப்படியே விடுவது நல்லது என்று படுகிறது: முழுக்கோட்டிலும் புள்ளிக்கோட்டிலும் புலத்தின் திசை எதிரெதிர் என்பது பார்த்தவுடன் தெரியும். இரண்டு அச்சுகளின் அளவும் சமமாக இருக்கக் கட்டளை கொடுங்கள், இல்லாவிட்டால் வளையங்கள் நசுங்கும். கடைசியாகக் கம்பியைத் தடித்த கறுப்புக் கோடாக எல்லாவற்றுக்கும் மேலே போடுங்கள்.

கட்டம் 0-இல் என்ன தெரிய வேண்டும்? கம்பியின் மேல்பாதியிலிருந்து கிளம்பும் ஐந்து கோடுகள் வளைந்து கீழ்பாதியில் இறங்க வேண்டும், இரண்டு பக்கமும். கம்பி வாக்கில், அதாவது முனைகளுக்கு நேர்மேலேயும் நேர்கீழேயும், எந்தக் கோடும் போகக் கூடாது. இந்த இரண்டும் சரியாக வந்தால் சூத்திரத்தைச் சரியாகத் தட்டச்சு செய்திருக்கிறீர்கள்.

நான்காம் படி: ஓடவிடுதல்

ஒரு சுற்றுக்கு 40 ஃபிரேம், விநாடிக்கு 20. அப்படியென்றால் ஃபிரேமுக்கு 9 டிகிரி, சுற்று 2 விநாடி. 24 என்று சினிமாக் கணக்கில் போகாமல் 20 சொல்வதற்குக் காரணம் உண்டு. ஜிஃப் கோப்பில் நேரம் விநாடியின் நூறில் ஒரு பங்காகத்தான் எழுதப்படும். 20-க்கு ஃபிரேம் ஒன்று சரியாக 5 பங்கு. 24-க்கு அது முழு எண்ணாக வராது.

கட்டங்கள் 0, 9, 18 என்று போய் 351-இல் நிற்க வேண்டும். 360-ஐயும் சேர்த்தால் முதல் ஃபிரேமே இரண்டு முறை வந்து, சுற்றுக்கு ஒரு தரம் படம் இடறும். கான்டூரைப் புதுப்பிக்க எளிய வழி, ஒவ்வொரு ஃபிரேமுக்கும் வரைபடத்தைத் துடைத்துவிட்டு மறுபடி வரைவது. துடைத்த பிறகு எல்லைகளையும் சம அளவையும் மீண்டும் சொல்ல வேண்டும். அசைபடம் செய்யும் ஃபங்க்அனிமேஷன் கட்டளை தரும் பொருளை ஒரு மாறியில் பிடித்து வையுங்கள். இல்லாவிட்டால் பைதான் அதைக் குப்பை என்று நினைத்து அள்ளிக்கொண்டு போய்விடும், திரையில் படம் அசையாமல் நிற்கும்.

100 மெகாஹெர்ட்ஸில் நிஜச் சுற்று 10 நானோவிநாடி. நாம் 2 விநாடியாக நீட்டியிருக்கிறோம், அதாவது 20 கோடி மடங்கு மெதுவாக. ரிவ்யூவில் இதை ஒரு வரியாகச் சொல்லுங்கள். யாராவது கண்டிப்பாகக் கேட்பார்கள்.

இப்போது அந்தக் கேள்வி

முதல் பத்து ஃபிரேமை ஒவ்வொன்றாக நகர்த்திப் பாருங்கள். கோட்டின் இரண்டு கால்களையும் கவனியுங்கள்: ஒன்று கம்பியின் மேல்பாதியில், ஒன்று கீழ்பாதியில். ஃபிரேம் போகப் போக இரண்டு கால்களும் கம்பி மேல் வழுக்கி நடுவை நோக்கி வருகின்றன. நடுவில் சந்திக்கின்றன. சந்தித்தவுடன் கோடு மூடிக்கொண்டு வளையமாகக் கம்பியை விட்டுக் கிளம்புகிறது. அறுபடுவதும் இல்லை, பிய்வதும் இல்லை.

கணக்கிலும் இதைப் பார்க்கலாம். கம்பியின் மேல் எந்தப் புள்ளியில் நின்றாலும் இரண்டு முனைத் தூரங்களின் கூட்டல் அரை அலைநீளம்தான். அதனால் அங்கே சூத்திரம் சுருங்கி, கோட்டெண் = 2 × கோசைன்(கட்டம்) × கோசைன்(2பை × உயரம்) என்று ஆகிவிடும். நடுவில் உயரம் 0, அங்கேதான் அதிகபட்சம்: 2 × கோசைன்(கட்டம்). ஒரு கோட்டின் மட்டத்தைவிட இது குறைந்த கணமே அந்தக் கோட்டுக்குக் கம்பியில் நிற்க இடமில்லை.

1.8 மட்டக் கோடு ஏறக்குறைய 26 டிகிரியில் கழலும். ஃபிரேம் எண்ணைப் பூஜ்ஜியத்திலிருந்து எண்ணினால் 2-ஆம் ஃபிரேமில் ஒட்டியிருக்கும், 3-இல் விட்டிருக்கும். 1.4 கோடு 5-ஆம் ஃபிரேம் வரை தாக்குப்பிடிக்கும், மயிரிழையில். 1.0 கோடு 60 டிகிரியில், 0.6 கோடு 72-ஐத் தாண்டியதும். கடைசியில் நிற்பது 0.2 கோடு, 84 டிகிரி வரை. 10-ஆம் ஃபிரேமில், அதாவது 90 டிகிரியில், கம்பியில் ஒரு கோடும் இல்லை. அந்தக் கணத்தில் கம்பியில் மின்னூட்டமே இல்லை, முழுக்க மின்னோட்டம்தான். அடுத்த ஃபிரேமிலிருந்து எதிர்த்திசைக் கோடுகள், புள்ளிக்கோடுகளாக, நடுவிலிருந்து முளைக்கத் தொடங்கும்.

உங்கள் படத்தில் இந்த ஃபிரேம் எண்கள் ஒத்து வந்தால் நிரல் சரி. இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது.

அகழியில் கல் எறிந்த அலை

வேலூர்க் கோட்டை அகழியில் கல்லைப் போட்டால் வட்டம் விரியும், ஆன்டெனா அலையும் அப்படித்தான் என்று சொல்லிக்கொடுக்கிறோம். படத்தை ஓடவிட்டால் அந்த உவமை எங்கே உடைகிறது என்று தெரியும். அகழி அலை எல்லாப் பக்கமும் ஒரே உயரத்தில் போகும். இங்கே முனைத் திசையில் ஒன்றும் போவதில்லை. வடிவமும் வட்டமில்லை. கோட்டெண் பூஜ்ஜியமாகும் எல்லைக்கோடுகள் எல்லாமே நீள்வட்டங்கள், கம்பியின் இரண்டு முனைகளே அவற்றின் குவியங்கள். 90 டிகிரியில் கம்பியே ஒரு தட்டையான நீள்வட்டமாகப் பிறந்து, வெளியே போகப் போக வட்டத்தை நெருங்குகிறது.

வேகமும் வேறு. கம்பிக்கு நேர் பக்கவாட்டில் கால் அலைநீளத் தூரத்தில் இந்த எல்லைக்கோடு நகரும் வேகத்தைக் கணக்கிட்டால் ஒளியின் வேகத்தைப் போல் 1.41 மடங்கு வரும். ஓர் அலைநீளத் தூரத்தில் 1.03 மடங்கு. வைவாவில் இதைச் சொன்னால் "ஐன்ஸ்டைன் என்னாவது?" என்று மடக்குவார்கள். ஐன்ஸ்டைனுக்கு ஒன்றும் ஆகவில்லை. நகர்வது கட்டம் மட்டும். சீராகத் திரும்பத் திரும்ப வரும் அலையில் கட்டத்தின் வேகத்தால் எந்தச் செய்தியும் ஒளியை முந்திப் போவதில்லை.

படம் ஏமாற்றும் இடமும் ஒன்று உண்டு. தூரத்தில் கோடுகள் அதே நெருக்கத்தில் தெரிவதால், புலம் குறையவே இல்லை என்று தோன்றும். ஒவ்வொரு கோடும் அச்சைச் சுற்றி ஒரு முழு வளையப் பரப்பு. தூரம் போகப் போக அதன் சுற்றளவு பெருகுகிறது, அதே பாயம் அதில் பரவுகிறது. நெருக்கத்தை அச்சிலிருந்து உள்ள தூரத்தால் வகுத்தால்தான் நிஜ வலிமை. இதைப் படத்தின் கீழே ஒரு வரி எழுதிவிடுங்கள்.

ஐந்தாம் படி: காந்தப்புலத்தை நிறமாக

அதே சூத்திரத்தில் சைனை எடுத்துவிட்டுக் கோசைன் போட்டு, மொத்தத்தையும் கிடைத் தூரத்தால் வகுத்தால் காந்தப்புலம் கிடைக்கும். கிடைத் தூரத்தின் குறியையும் சேர்த்தே வகுங்கள். கம்பியின் ஒரு பக்கம் திரையை விட்டு வெளியே வரும் புலம், மறுபக்கம் உள்ளே போகும் புலம் என்பது சிவப்பு நீல நிறவரிசை கொடுத்திருந்தால் இரண்டு நிறமாகத் தானே வந்துவிடும்.

நிற எல்லையை −4 முதல் +4 வரை என்று பூட்டுங்கள். பூட்டாவிட்டால் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் நிரல் எல்லையை மாற்றிக்கொண்டு படம் மினுக்கும். கம்பியை ஒட்டி நிறம் முட்டிக்கொள்ளும், பரவாயில்லை. மின்புலக் கோடு ஒன்றுமே கம்பியில் இல்லாத 10-ஆம் ஃபிரேமில்தான் கம்பியருகே நிறம் மிக அடர்த்தியாக இருக்கும். தூரத்திலோ கோடுகள் நெருக்கமாக உள்ள இடமும் நிறம் அடர்ந்த இடமும் ஒன்றின்மேல் ஒன்றாக விழும். அருகே கால் சுற்று வித்தியாசம், தொலைவில் ஒருமித்த ஓட்டம்: அருகுப்புலம், தொலைப்புலம் என்று பாடத்தில் பிரித்துப் படிப்பதை ஒரே படத்தில் பார்க்கலாம்.

பின்னணி வெள்ளையாக இருக்கட்டும். கறுப்புப் பின்னணி மொபைலில் அழகு, வெளிச்சம் நிறைந்த வகுப்பறைப் புரொஜெக்டரில் ஒன்றும் தெரியாது. எம்பி4-க்கு அகலம் உயரம் இரண்டும் இரட்டைப்படை எண்ணாக, 800க்கு 800 என்று வையுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்புவதாக இருந்தால் ஒரு சுற்றைப் பத்து முறை அடுக்கி 20 விநாடியாக்கி அனுப்புங்கள். 2 விநாடிப் படம் பார்ப்பதற்குள் முடிந்துவிடும்.

இதே நிரலில் இன்னும் என்னவெல்லாம்

படத்தின் கீழ்பாதியை மறைத்துவிட்டு, உயரம் 0-இல் ஒரு தரைக்கோடு போட்டால், அது கால் அலை மோனோபோல். ஜீப்பின் கூரையில் நிற்கும் கம்பி அதுதான், கூரையைப் பெரிய உலோகத் தகடாக எடுத்துக்கொண்டால்.

கம்பி நீளத்தை மாற்றவும் முடியும். முனைகளை அதற்கேற்ப நகர்த்தி, மூன்றாவது உறுப்பைத் திரும்பச் சேர்க்க வேண்டும்:

− 2 × கோசைன்(பை × நீளம்) × சைன்(2பை × நடுத்தூரம் − கட்டம்)

நீளத்தை அலைநீளத்தில்தான் கொடுக்க வேண்டும். நீளம் 0.5 என்றால் இந்த உறுப்பு தானே மறைந்துவிடும். 1.5 வைத்துப் பாருங்கள், அலை பக்கவாட்டில் மட்டும் போகாமல் சாய்வான திசைகளிலும் பிரிந்து போகும்.

மாடியில் துருப்பிடித்து நிற்கும் பழைய டிவி ஆன்டெனாவை, அதாவது யாகியை, இப்படி வரைய முடியாது. பல கம்பிகள் பக்கத்தில் பக்கத்தில் வந்தவுடன் அச்சைச் சுற்றி ஒரே மாதிரி என்ற வசதி போய்விடுகிறது, வளையக் கணக்கு செல்லாது. கம்பிகளில் ஓடும் மின்னோட்டத்தைக் கண்டுபிடிக்க லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் 1981-இல் உருவான நெக்-2 மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. தகடு, சுவர், மின்கடவாப் பொருள் என்று எல்லாம் வந்தால் இடத்தையும் நேரத்தையும் சிறு துண்டுகளாக வெட்டிக் கணக்கிடும், கேன் யீ 1966-இல் எழுதிய எஃப்டிடிடி முறைக்குப் போக வேண்டும். ஓபன்இஎம்எஸ், மீப் இரண்டும் அந்த வகை, இரண்டும் இலவசம். அலைநீளத்துக்குக் குறைந்தது 10, முடிந்தால் 20 துண்டுகள் வையுங்கள். இருபரிமாணத்தில் நேரப் படி, ஒரு துண்டை ஒளி கடக்கும் நேரத்தில் 0.7 பங்குக்கு மேல் போனால் எண்கள் வெடித்துத் திரை முழுக்க குப்பையாகும். இருபரிமாண எஃப்டிடிடியில் ஒரு புள்ளியிலிருந்து கிளம்பும் அலை, உண்மையில் முடிவில்லாத நீளக் கம்பியின் அலை என்பதையும் கணக்கில் வையுங்கள். அதன் வலிமை தூரத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பவே குறையும். டைபோல் படத்தோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் எண்கள் ஒத்துப்போகாது.